வெந்ததைத் தின்று

இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட்டுகளுடன் அப்பா வீடு திரும்பிய வாரத்தில், ஒரு மதிய வேளையில் அவர் முன் நான் வைத்த தட்டு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஆவியில் வேகவைத்த பீன்ஸும் கேரட்டும் பூக்கோசும், ஓரத்தில் இரண்டு இட்லியும், சிறு கிண்ணத்தில் மிளகு ரசமும் இருந்தன. எண்ணெய் ஒரு துளி இல்லை. உப்பும் இருக்கிறதா இல்லையா என்னும் அளவில்தான். உணவு ஆலோசகர் எழுதித் தந்த தாளில் இருந்ததை ஒரு சொல் பிசகாமல் செய்துவிட்ட நிறைவோடு எதிரில் நின்றேன். அப்பா கேரட் துண்டு ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். அது குழந்தைக்கு மசித்த சோறுபோல நசுங்கியது. "வெந்ததத் தின்னு விதி வந்தா சாவோம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். குரலில் கோபம் இல்லை. தட்டில் எதையும் மிச்சம் வைக்கவும் இல்லை. குறை சொல்லிச் சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உண்பதில் அத்தனை விருப்பம் கொண்ட மனிதர், மாத்திரையை விழுங்குவதுபோல் என் சமையலை விழுங்கியதைத்தான் பார்க்க முடியவில்லை.

அப்பா உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் பிறந்தவர். சீலா மீன் வறுவலுக்கும் வாழைக்காய் வறுவலுக்கும் குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய்க்கும் பழகிய நாக்கு அவருடையது. அடுத்த எட்டு மாதங்கள் எங்கள் வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. அடுப்பின் ஒரு பக்கத்தில் எனக்கும் கணவருக்கும் மகனுக்கும் வழக்கமான பொரியலும் வறுவலும், மறுபக்கத்தில் இட்லிப் பானையில் அப்பாவின் காய்கள். என் மகன் அதற்கு "தாத்தா சாப்பாடு" என்றே பெயர் வைத்துவிட்டான். அப்பா அதை "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்றார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆவியில் வேகவைப்பதென்றால், வறுப்பதை நிறுத்துவது, எண்ணெயை நிறுத்துவது, மசாலாவை நிறுத்துவது; ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பிறகு எஞ்சுவதுதான் அந்தத் தட்டு என்பது என் எண்ணம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் காலையில் இட்லியோ இடியாப்பமோ புட்டோ உண்ணும் வீடு எங்களுடையது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை, கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை, பருப்பு உசிலிக்கு ஆவியில் வெந்த பருப்பு என்று வளர்ந்தவள் நான். ஆவியை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத் தர வேண்டியதில்லை. ஆனாலும் காய்ச்சல் வந்தவருக்கு முதலில் இட்லி, வயிறு சரியில்லாதவருக்கு இடியாப்பம் என்று நாமே கொடுத்துக் கொடுத்து, ஆவிக்கும் பத்தியத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டோம். சொல்லிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. புட்டை அவிக்கிறோம், கிழங்கை அவிக்கிறோம். விளக்கையும் நெருப்பையும் அவிப்பதற்கும் அதே சொல்தான். நான் காய்களை அவித்தது இந்த இரண்டாவது பொருளில்தான் என்று பின்னாளில் தோன்றியது.

அத்தை வீட்டுப் பானை

அந்த ஆண்டு கார்த்திகைக்கு அப்பாவை ஊருக்கு அழைத்துப் போனேன். அவருடைய அக்கா, என் அத்தை, இன்னும் அங்கேதான் இருக்கிறார். தீபத்தன்று பிற்பகலில் திண்ணையில் பனங்குருத்தோலைகள் வந்து இறங்கின. வெளிர் மஞ்சள் நிறம், தொட்டால் பட்டுபோல வழுக்கும் இளம் ஓலை. அதைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக் கழுவித் துடைத்து அடுக்கினார்கள். வறுத்த பச்சரிசி மாவில் கருப்பட்டிப் பாகு, தேங்காய்த் துருவல், வறுத்துக் குழையாமல் வேகவைத்த பாசிப்பருப்பு, சுக்கு, ஏலம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓலையின் மடிப்புக்குள் வைத்து அழுத்தி, மேலே இன்னோர் ஓலைத்துண்டை மூடி, ஓலைக் கீற்றாலேயே கட்டினார்கள். பெரிய பானையின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதற்கு மேல், தண்ணீர் தொடாத உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக மட்டைத் துண்டுகள். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி மேலெழும் வரை அத்தை ஒரு கொழுக்கட்டையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வைத்தபோதும் நெருக்கி அடுக்காமல், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையில் விரல் நுழையும் இடம் விட்டு நிறுத்தினார். மூடியை ஒரு பருத்தித் துணியால் சுற்றிக் கட்டி, பானையை மூடினார்.

இரண்டு முறை மூடியைத் திறந்து பார்க்கப் போனேன். "ஏளா, சும்மா சும்மா தொறக்காத. ஓல மணம் வாசலுக்கு வரும், அப்பத் தொறந்தாப் போதும்" என்றார். ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் கழித்து அந்த மணம் உண்மையாகவே வாசலுக்கு வந்தது. பச்சை ஓலையும் கருப்பட்டியும் சுக்கும் கலந்த அந்த மணத்தை எந்தச் சொல்லால் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பனங்காட்டு மழைக்குப் பிறகு மண்ணில் எழும் மணத்துக்கு நெருக்கமானது என்று மட்டும் சொல்லலாம். அப்பா எழுந்து அடுக்களை வாசலுக்கே வந்து நின்றார். ஆலோசகர் தந்த தாளை அன்று ஒரு நாள் மடித்து வைத்துவிட்டேன். அவர் மூன்று கொழுக்கட்டை சாப்பிட்டார். ஓலையை விரித்ததும் உள்ளே அதன் வரிகள் அப்படியே மாவில் பதிந்திருக்கும். அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல், ஒவ்வொரு வாயாக உண்டார்.

அதே மாலையில், அதே வீட்டில், நான் அவருடைய இரவு உணவுக்காகக் காய்கள் வைத்திருந்தேன். ஒரு சிறு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, துளைத் தட்டில் பீன்ஸும் கேரட்டும் குவித்து, மூடி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருபது நிமிடம் ஆகியிருந்தது. அத்தை ஒரு பீன்ஸை எடுத்து வாயில் போட்டார். எதையும் மென்மையாகச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "என்னளா இது, தண்ணியில ஊறப் போட்ட மாதிரி இருக்கு. கொழுக்கட்டைக்கு ஒரு நேரம் காலம் உண்டுல்லா, காய்க்குக் கெடயாதா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. இரண்டு பானைகளும் அருகருகே இருந்தன. இரண்டிலும் தண்ணீர், இரண்டிலும் ஆவி, இரண்டிலும் எண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. ஒன்றுக்காக அப்பா அடுக்களை வாசலில் வந்து நின்றார். மற்றொன்றைப் பார்த்துத்தான் விதியை நினைத்துக்கொண்டார். எட்டு மாதங்களாக அவர் மறுத்துக்கொண்டிருந்தது ஆவியை என்று நான் எண்ணியிருந்தேன். அவர் பிறந்ததிலிருந்து ஆவியில் வெந்ததை விரும்பித்தான் உண்டிருக்கிறார். என் கவனமின்மையைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. இட்லிக்கு மாவு புளித்திருக்கிறதா என்று இரவில் எழுந்து பார்க்கும் நான், புட்டு மாவைப் பிடித்தால் பிடிபடுகிறதா, உதிர்த்தால் உதிர்கிறதா என்று நான்கு முறை சோதிக்கும் நான், நோயாளிக்கு உரியது என்று பெயர் வைத்துவிட்ட ஒரே காரணத்தால் அந்தக் காய்களை ஒருமுறைகூடச் சுவைத்துப் பார்த்ததில்லை.

மூடிக்குள் நடப்பது

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகமும் கைப்பேசியின் நேரக் கணக்குமாக உட்கார்ந்தேன். பள்ளியில் படித்த இயற்பியல் அடுக்களையில் இவ்வளவு பயன்படும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு கிராம் தண்ணீரைப் பூச்சியத்திலிருந்து நூறு டிகிரிக்குச் சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும். நூறு டிகிரித் தண்ணீரை நூறு டிகிரி ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். அந்த ஆவி ஒரு பீன்ஸின் மேல் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாகும்போது, வாங்கி வைத்திருந்த 540 கலோரியையும் அதன்மேல் இறக்கிவிடுகிறது. கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆவி பட்ட காயம் கொடியதாக இருப்பதற்கும், பத்து நிமிடத்தில் இட்லி வெந்துவிடுவதற்கும் காரணம் இதுதான். ஆவி மென்மையான வெப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது வேகமானது. அதனால்தான் அதில் இரண்டு நிமிடத் தவறு பெரிய தவறாகிவிடுகிறது.

இது புரிந்தவுடன் அத்தை செய்த ஒவ்வொன்றும் தெளிவாயிற்று. ஆவி பொருளின் மேல் படிந்தால்தான் வெப்பம் இறங்கும் என்பதால், நெருக்கிக் குவித்த காயில் வெளிப்புறம் குழைந்தும் நடுப்புறம் பச்சையாகவும் இருக்கும். விரல் நுழையும் இடைவெளி அதற்காகத்தான். தண்ணீர் கொதிக்கும் முன்பே தட்டை வைத்தால், ஆவி வரும்வரையிலான நேரமெல்லாம் காய் வெதுவெதுப்பில் வாடி, எவ்வளவு நேரம் வெந்தது என்ற கணக்கே தப்பிப் போகும். முதல் ஈடு இட்லி சில வீடுகளில் தட்டையாகப் போவதற்கும் அதுவே ஒரு காரணம். மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நிறைந்த ஆவி போய்க் காற்று புகுந்துகொள்கிறது. அதை மீண்டும் வெளியேற்றப் பானைக்கு நேரம் வேண்டும். மூடியில் சுற்றிய துணி, மேலே படியும் நீர் சொட்டி உணவை நனைக்காமல் உறிஞ்சிக்கொள்கிறது. பழைய இட்லிப் பானைகளின் மூடி நன்றாகக் கவிந்திருப்பதும் நீர்த்துளி உருண்டு ஓரமாக வடிவதற்காகவே என்று நினைக்கிறேன். நான் வாங்கியிருந்த புதிய பாத்திரத்தின் மூடி தட்டையானது. அப்பாவின் பூக்கோசு எப்போதும் ஈரத்தில் ஊறிக் கிடந்ததற்கு விடை அதில் இருந்தது.

நேரக் கணக்கு எனக்கு இப்படி அமைந்தது. விரல் நீளத்துக்கு நறுக்கிய பீன்ஸ் ஆறு நிமிடம். பச்சைக் காய்களிலிருந்து வெப்பத்தில் வெளிப்படும் அமிலம், பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகிறது. ஏழெட்டு நிமிடத்தைத் தாண்டினால் அந்தப் பளிச்சென்ற பச்சை, பாசி படிந்த நிறமாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். எனவே நிறமே எனக்குக் கடிகாரமாகிவிட்டது. வட்டமாக நறுக்கிய கேரட்டுக்கு ஐந்து நிமிடம் போதும், பூக்கோசுக்கு ஆறு. முட்டைக்கோசை நான்கைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். அதிக நேரம் வெந்தால் கந்தக நாற்றம் வந்துவிடுகிறது. பலருக்கு முட்டைக்கோசு பிடிக்காமல் போனதற்கே இந்த நாற்றம்தான் காரணம் என்பது என் கருத்து. முழு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும், பீட்ரூட்டுக்கு இன்னும் அதிகம். எடுத்த பிறகும் காய் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும் என்பதால், ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்கி அகலத் தட்டில் பரப்பிவிடுகிறேன். வெண்டைக்காயை ஆவியில் வைப்பதை விட்டுவிட்டேன். அதன் வழுவழுப்புக்கு வாணலியின் வறண்ட சூடுதான் மருந்து.

தாளிப்புக் கரண்டி

நேரம் சரியானதும் காய்கள் காய்களாயின. கேரட் இனித்தது, பீன்ஸைக் கடித்தால் ஓசை வந்தது. ஆனாலும் அப்பாவின் முகத்தில் மாற்றம் பெரிதாக இல்லை. கொழுக்கட்டைக்கும் இதற்கும் இன்னும் ஏதோ தூரம் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் பிடித்தன.

வறுவலில் நாம் விரும்பும் அந்தப் பழுப்பு நிறமும் மணமும், சர்க்கரையும் புரதமும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் வேகமாக ஒன்றோடொன்று வினைபுரிவதால் உண்டாவது. ஆவிப் பானைக்குள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டியில் சமைத்தால் அதற்கும் ஏழெட்டு டிகிரி குறைவு. ஆகவே ஆவியிடம் வறுவலின் சுவையை எதிர்பார்ப்பது வீண். அந்தச் சுவையை வேறொரு வழியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதை நம் முன்னோர் எப்போதோ தீர்த்து வைத்திருக்கிறார்கள். இட்லி வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதற்கு வறுத்த எள்ளும் உளுந்தும் மிளகாயும் இடித்த பொடி இருக்கிறது. அம்மிணிக் கொழுக்கட்டையை ஆவியில் வேகவைத்த பின்தான் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்து அதில் புரட்டுகிறோம். உசிலிக்குப் பருப்பை அரைத்து ஆவியில் வைத்து உதிர்த்துக்கொண்டால், அதே பருப்பை வாணலியில் வறுத்து உதிர்க்கத் தேவைப்படும் எண்ணெயில் கால் பங்குகூட ஆவதில்லை. வேகவைக்கும் வேலையை ஆவியிடம் கொடுத்துவிட்டு, மணமூட்டும் வேலையைச் சிறிய தாளிப்புக் கரண்டியிடம் கொடுத்த சமையல் இது. நான் ஆவியை மட்டும் எடுத்துக்கொண்டு கரண்டியைத் தூக்கி எறிந்திருந்தேன்.

ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஏறத்தாழ 40 கிலோ கலோரி. கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை என்பதால், அந்த ஒரு கரண்டி நான்கு பேருக்கான காய் முழுவதையும் மணக்க வைத்துவிடுகிறது. இதில் எனக்கு வருத்தம் தந்த ஒரு செய்தியும் உண்டு. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேரும்போதுதான் உடலில் நன்றாகச் சேர்கிறது. எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல் நான் பெருமையோடு வைத்த அந்த முதல் தட்டு, சுவையில் மட்டுமல்லாமல் சத்திலும் அவருக்குக் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்த்தபோது, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து எண்ணெய் சேர்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாகச் சேர்க்கலாம், அளவுதான் முக்கியம் என்றார். எட்டு மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மணத்துக்கு இன்னொரு வழி இலை. அத்தையின் ஓலை அதைத்தான் செய்தது. ஆவி இலையைத் தொட்டு, அதன் மணத்தைச் சுமந்துகொண்டு மாவுக்குள் நுழைகிறது. காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி, மூங்கில் கூடையில் மந்தாரை இலை பரப்பி மணிக்கணக்கில் வேகவைக்கப்படுவது. மிளகும் சீரகமும் சுக்கும் ஒருபுறமிருக்க, அந்த இலையின் மணம் இல்லாமல் அது குடலை இட்லி ஆகாது. யாழ்ப்பாணத்தவர் பனையோலையால் முடைந்த நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கிறார்கள். மங்களூர்ப் பக்கத்தில் பலா இலைகளைக் கிண்ணமாகக் கோத்து அதில் இட்லி மாவை ஊற்றுகிறார்கள். ஆவியில் சமைப்பவர்கள் ஊர்தோறும் ஓர் இலையைத் தேடிக் கண்டடைந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. இலையையும் துணியையும் விட்டுவிட்டு எவர்சில்வர் குழிகளுக்கு மாறியபோது நாம் இழந்த மணத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்காக நான் துணி இட்லிக்குத் திரும்பினேன். நனைத்துப் பிழிந்த துணியில் ஊற்றிய இட்லியின் அடிப்பாகம் மூச்சுவிட முடிகிற அடிப்பாகம். எவர்சில்வர் குழியில் ஊற்றியதைப்போல் அது பிசுபிசுப்பதில்லை.

மீனைத்தான் நான் கடைசியாகத் தொட்டேன். வறுத்த சீலாவை அறிந்தவரிடம் ஆவியில் வெந்த சீலாவை வைப்பதற்குத் துணிவு வேண்டியிருந்தது. வாழையிலையைத் தணலில் வாட்டி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, மஞ்சள், கொஞ்சம் தேங்காய், கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்து மீன் துண்டின் இரு பக்கமும் அப்பி, இலையில் மடித்து, வாழைநாரால் கட்டி, கொதிக்கும் பானையில் பன்னிரண்டு நிமிடம் வைத்தேன். மீனின் சதை அறுபது டிகிரியை ஒட்டியே வெந்துவிடும். வாணலியில் அதன் வெளிப்புறம் மொறுமொறுப்பாவதற்குள் உட்புறம் பெரும்பாலும் வறண்டுவிடுகிறது. இலைக்குள் அதன் சாறு முழுவதும் மசாலாவோடு கலந்து அங்கேயே நின்றது. இலையைப் பிரித்து எலுமிச்சை பிழிந்து வைத்தேன். அப்பா அந்தச் சாற்றை இலையோடு சாய்த்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார். "கடல் மணம் இருக்கும்மா" என்றார். அன்று என் மகனும் தாத்தாவின் இலையிலிருந்து ஒரு துண்டு எடுத்தான். அந்த மாதத்தோடு எங்கள் வீட்டில் இரண்டு சமையல் நின்றுபோனது.

ஆவியால் ஆகாதது

ஆவியில் வெந்தாலே உடலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆவியால் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை. தண்ணீரில் மூழ்க வைத்து வேகவைத்து வடித்தால், வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற நீரில் கரையும் சத்துகள் வடிநீரோடு போய்விடும். ஆவியில் அந்த இழப்பு குறைவு. எண்ணெயில் பொரித்த கிழங்கு வகைகளில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாவதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அது உருவாவதற்கு 120 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை என்பதால், ஆவியில் வெந்த கிழங்கில் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆவி, அரிசியை வேறொன்றாக மாற்றிவிடாது. அப்பாவுக்குச் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியவந்தபோது, எண்ணெய் இல்லாத உணவுதானே என்று காலையில் நான்கு இட்லி வைத்துக்கொண்டிருந்த என் கணக்கு தவறு என்பதும் தெரியவந்தது. இட்லி எளிதில் செரிக்கும். எளிதில் செரிப்பதாலேயே அதன் மாவுச்சத்து விரைவில் இரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடும். நோயாளிக்கு இட்லி என்ற பழக்கம் காய்ச்சல்காரருக்குப் பொருந்தும். சர்க்கரைக்காரருக்கு அதே எண்ணிக்கையில் பொருந்தாது. இப்போது அவருக்கு இரண்டு இட்லிதான். பக்கத்தில் பயறோ, சாம்பாரில் நிறையக் காய்களோ இருக்கும். சில நாள் கேழ்வரகுப் புட்டு, தேங்காய் குறைத்து, முருங்கைக்கீரை கலந்து. கேழ்வரகு மாவை வறுத்து உப்புநீர் தெளித்துப் பிசறி, அரைமணி நேரம் மூடிவைத்துவிட்டு அவித்தால் அது வறட்டு மணலாகாமல் பூப்போல வருகிறது. முதல் மூன்று முறை எனக்கு மணலாகத்தான் வந்தது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். கேரட்டை அவர் இன்றுவரை விருப்பத்தோடு உண்பதில்லை. அந்த முதல் தட்டின் நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்னவோ. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வடை கேட்கிறார், கொடுக்கிறேன். பழமொழியையும் அவர் விட்டுவிடவில்லை. சில காலைகளில் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே அதைச் சொல்கிறார். ஆனால் சொல்லிவிட்டு இன்னொன்று வைக்கச் சொல்கிறார்.

சென்ற கார்த்திகைக்கு ஊருக்குப் போக முடியவில்லை. சென்னைச் சந்தையில் வாங்கிய ஓலை முற்றலாக இருந்தது. முகர்ந்தால் காய்ந்த விசிறியின் மணம்தான் வந்தது. அத்தையிடம் தொலைபேசியில் சொன்னேன். இரண்டாம் நாள் காலை, ஈரச் சாக்கில் சுற்றிய குருத்தோலைக் கட்டு ஒன்று ஊரிலிருந்து வரும் பேருந்தில் வந்து சேர்ந்தது. ஓரத்தில் ஒரு சிப்பம் கருப்பட்டியும் இருந்தது. அன்று மாலை அப்பா கூடத்தில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் ஓலையை வைத்து நறுக்க உட்கார்ந்தார். என் மகன் கத்தியை வாங்கப் பார்த்தான். "நீ அளவ மட்டும் சொல்லு" என்று அவனுடைய கையை விரித்து ஓலையின் மேல் வைத்தார். சாணுக்கு இரண்டு விரல் குறைவாக இருந்தது. அந்த அளவிலேயே எல்லாவற்றையும் நறுக்கினார்.